குகநேசனின் முழங்கால்

ஆம்ஸ்டர்டாம்
14 ஜூன் 2025, சனிக்கிழமை

ஆரணியின் அப்பாவுக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். மகள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள். உங்களோடு போனில் கதைக்க எனக்கு விருப்பமில்லை. கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை தொடங்கும், நாலாவது நிமிடம் நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தபாலில் போட்டால் கடிதத்துக்கு முன்னால் நான் ஹேர்னிங் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்பதால் ஈமெயிலில் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

படகு நான் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு காலத்தில் தானியம் ஏற்றிய சரக்குப் படகாம். இப்போது பதினெட்டுப் பேரையும் பதினெட்டுச் சைக்கிள்களையும் ஏற்றுகிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கரையால் சைக்கிளில் போகவேண்டும். படகு வாய்க்கால் வழியே தன்பாட்டில் வரும். பின்னேரம் அடுத்த ஊரில் படகைப் பிடித்து, அதிலேயே சாப்பாடு, அதிலேயே படுக்கை. ஒரு கிழமை இப்படித்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாசி மாதம் இரண்டு பேருமாக மேசையில் இருந்து படம் பார்த்துத்தானே பதிந்தோம்.

படகோட்டி ஒரு பெண், பெயர் மரைக்க. அறைக் கதவில் இரண்டு பெயர் எழுதி ஒட்டியிருந்தார். சுஜாந்தினி, குகநேசன். இரண்டிலும் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. டென்மார்க்கில் உங்கள் பெயரை இப்படிச் சரியாக எழுதிய அரசாங்கக் கந்தோர் ஒன்றை நான் கண்டதில்லை. கணவர் எங்கே என்று கேட்டார். முழங்கால் நோவு என்று சொல்லிவிட்டேன்.

அந்த முழங்காலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நோ என்றீர்கள். நானும் நம்பி எண்ணெய் பூசிவிட்டேன். மூன்றாம் நாள் உங்கள் கூட்டாளி தவராஜா அண்ணையின் மகளுடைய கலியாணத்தில் அதே முழங்கால் ஒன்றரை மணித்தியாலம் ஆடியது. கைதட்டிய ஆட்களில் நானும் ஒருத்தி. கலியாணம் நடந்த ஓகூஸிலிருந்து வீடு வரை காரில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன், ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை.

மேல்கட்டிலில் உங்கள் தலையணையும் போர்வையும் மடித்தபடி இருக்கின்றன. மரைக்க எடுத்துவிடட்டுமா என்றார். இருக்கட்டும் என்றேன்.

சுஜாந்தினி


ஹேர்னிங்
15 ஜூன், ஞாயிறு

சுஜா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கண்ணாடி போட்டுத்தான் வாசித்தேன்.

முழங்கால் நோ வந்து வந்து போகிற நோ. ஆடும்போது தெரியாது, பிறகுதான் தெரியும்.

நீர் சமைத்து வைத்துவிட்டுப் போன மீன்குழம்பு நாளை வரைக்கும் காணும். தக்காளிக்குத் தண்ணீர் விட்டேன். ஆரணி போன் எடுத்து டேனிஷில் என்னை நன்றாக ஏசினாள். பாதி விளங்காத மாதிரி இருந்துகொண்டேன். முன்வீட்டுத் தமிழ்நாட்டு எஞ்சினியர் முத்துக்கிருஷ்ணனும் மனைவி கலாவும் உம்மைச் சுகம் விசாரித்தார்கள்.

இன்னொரு விஷயம். உம்முடைய சைக்கிளின் முன்கூடை கொஞ்சம் வளைந்துவிட்டது. காற்றுக்கு விழுந்துவிட்டது. நீர் வருவதற்குள் நிமிர்த்தி வைக்கிறேன்.

கவனமாக ஓடும். அந்த நாட்டில் சைக்கிள்காரர் எல்லாரும் வேகமாம்.

குகன்


ஃபிரேஸ்வைக்
16 ஜூன், திங்கள்

ஆரணியின் அப்பாவுக்கு,

கோபத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் சந்தோசத்தை எழுதாவிட்டால் மறந்துவிடும்.

நேற்று ஓர் ஆற்றங்கரையால் முப்பத்தாறு கிலோமீட்டர் ஓடினோம். மேடு என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பெரிய பெரிய பழைய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரோரம் தேநீர் குடிக்க மட்டும் ஒரு சின்ன மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வயதான மனிதர் செருப்போடு இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் மணியடித்தேன். அவர் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், ஆனால் அதை நினைத்து ஐந்து கிலோமீட்டர் சிரித்துக்கொண்டு போனேன்.

இன்றைக்கு வயல் நடுவே போகும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன், எனக்கு மேலால் ஒரு படகு போகிறது. எங்கள் படகுதான். இங்கே தண்ணீர் உயரத்திலும் நிலம் பள்ளத்திலும் இருக்கின்றன. கீழே மாடு மேய, மேலே கப்பல் போகிறது. மரைக்க மேலிருந்து கையசைத்தார். வழியில் ஒரு வீட்டு வாசலில் ஸ்ட்ரோபெரி விற்றார்கள், ஆள் இல்லை, காசு போட ஒரு டப்பா மட்டும். ஒரு பெட்டி முழுவதையும் நானே சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நேர்ப் பாதையில் கை இரண்டையும் விட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இனிக் கோபம்.

என் சைக்கிள் கொட்டிலுக்குள் பூட்டிக் கிடந்தது. ஹேர்னிங்கில் இப்போது கொட்டிலுக்குள்ளும் காற்று அடிக்கிறதா? சரி, கூடை கிடக்கட்டும்.

கலியாணம் பேசும்போது நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு சைக்கிளோடு நின்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்க்போர்க் ஏரியைச் சுற்றி ஓடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஏரியை நானும் சுற்றப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வந்த அடுத்த வருடமே நகரசபைக் கொம்யூன் நடத்திய வகுப்பில் சைக்கிள் பழகினேன். முதன்முதலாக விழாமல் வீடு வரை ஓடி வந்த அன்று, வாசலில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எழும்பவேயில்லை. அதற்குப் பிறகு எத்தனை கோடை, எத்தனை ஞாயிறு. கேட்கும்போதெல்லாம், கார் இருக்குத்தானே என்பீர்கள்.

நான் கட்டை. ஹெல்மெட்டும் மழைச்சட்டையும் போட்டால் உருளை மாதிரி இருப்பேன். இதை ஒருநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இதுதான் காரணம் என்று எனக்குள் முடிவு கட்டினேன். உங்களிடம் கேட்டதில்லை. இப்போது எழுநூறு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் துணிந்து கேட்கிறேன். நாலு பேர் பார்க்க என்னோடு பக்கத்தில் வர உங்களுக்கு வெட்கமா?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம்.

சுஜாந்தினி


ஹேர்னிங்
17 ஜூன், செவ்வாய்

அன்பு சுஜா,

வெட்கம்தான். ஆனால் நீர் நினைத்த வெட்கம் இல்லை.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

படத்தில் இருப்பது தவராஜாவின் சைக்கிள். ஏரியைச் சுற்றி ஓடுகிறவனும் தவராஜாதான். பொம்பிளை வீட்டுக்குக் கடிதம் எழுதத் தெரியாமல் நான் பேனையைக் கடித்துக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். தான் செய்கிறதையெல்லாம் சொன்னான், நான் என் பெயரில் எழுதினேன். உமக்கு அந்த ஒரு வரிதான் பிடித்தது என்று நீர் வந்து சொன்னபோது, இனி எப்படி மாற்றிச் சொல்வது.

கணுக்கால் தழும்பும் அப்படித்தான். ஆமி சுற்றிவளைத்தபோது கம்பிவேலி பாய்ந்தேன் என்று உமக்குச் சொன்னது பொய். ஒன்பது வயதில் அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போகும்போது காலைச் சில்லுக் கம்பிகளுக்குள் விட்டுவிட்டேன். மூன்று மாதம் படுக்கை. அதற்குப் பிறகு சைக்கிளைக் கண்டாலே நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். மட்டக்களப்பில் என் வயதுப் பெடியன்கள் எல்லாரும் சைக்கிளில் திரிய, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நான் நடந்தேன். இங்கே அகதி முகாமில் ஆளுக்கொரு சைக்கிள் தந்தார்கள். என்னுடையதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டுப் பனிக்குள் நடந்தேன். முதல் சம்பளம் வந்ததும் பழைய கார் ஒன்று வாங்கினதுக்குக் காரணம் எடுப்பு, பெரிய ஆள் என்ற நினைப்பு என்று ஆட்கள் கதைத்தார்கள். காரணம் இதுதான்.

நீர் வாசலில் நின்று கூப்பிட்டது எனக்கு நல்ல ஞாபகம். வெளியில் வந்தால், இப்ப நீங்கள் ஓடுங்கோ என்று சைக்கிளை என் கையில் தந்துவிடுவீர் என்று பயந்தேன். செய்தியில் என்ன போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீர் உம்மைக் கண்ணாடியில் பார்த்து அப்படி ஒரு முடிவு கட்டுவீர் என்று எனக்கு எப்படித் தெரியும் சுஜா. உம்முடைய கடிதத்தில் அந்த இடத்தை இரண்டாம் தரம் வாசிக்க என்னால் முடியவில்லை.

மாசி மாதம் பதியும்போது, ஆனிக்குள் பழகிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை என்று போய்விட்டது.

கூடையையும் சொல்லிவிடுகிறேன். நீர் போன அன்று பின்னேரம் வீட்டில் இருக்க முடியவில்லை. முத்துக்கிருஷ்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உடனே வந்துவிட்டார். பள்ளிக்கூடக் கார் தரிப்பிடத்தில் உம்முடைய சைக்கிளில் என்னை ஏற்றி, பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், கீழ பாக்காதீங்க. தூரத்துல அந்த விளக்குக் கம்பத்தைப் பாருங்க. நான் புடிச்சிட்டுதான் இருக்கேன்" என்றார். நான் விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். நேரே போய் அதில்தான் இடித்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் எங்கேயோ தூரத்தில் நிற்கிறார். "பாதி தூரம் நீங்களேதான் சார் ஓட்டினீங்க" என்கிறார். அவரை ஏசவா, அவருக்கு நன்றி சொல்லவா என்று தெரியவில்லை.

ஞாயிறும் நேற்றும் போனோம். இப்போது பத்து மீட்டர், சில நேரம் பதினைந்து. திரும்பத் தெரியாது, நிற்பாட்டத் தெரியாது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற ஆட்களுக்கு நடுவில் நான் வந்து என்ன செய்வது. அதனால்தான் முழங்கால்.

குகன்


ஸ்கோன்ஹோஃபன்
17 ஜூன், செவ்வாய் பின்னேரம்

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தைப் படகின் மேல்தட்டில் இருந்து வாசித்தேன். முதலில் அழுதேன். விளக்குக் கம்பத்துக்கு வந்ததும் சிரிக்கத் தொடங்கினேன். நிற்பாட்ட முடியவில்லை. மரைக்க தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

தழும்புக்குக் கோபம் இருக்கிறது. ஒவ்வொரு குளிருக்கும் அந்தக் காலுக்கு நான் எண்ணெய் பூசினேன், ஆமிக்காரனைத் திட்டித் திட்டிப் பூசினேன். கண்ணாடி விஷயத்துக்கு இன்னும் பெரிய கோபம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. நேரில் இருந்து, நான் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்கவேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். இந்தப் படகில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன் பெண்மணி இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. கணவர் எங்களோடு சைக்கிளில் வருவார், ஹெல்கா வருவதில்லை. முதல் நாளே எல்லாருக்கும் முன்னால் சொன்னார், "எனக்கு சைக்கிள் எண்டா பயம்" என்று. அதைத் தமிழில் எழுதுகிறேன், அவர் சொன்னது ஆங்கிலத்தில். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லது, கதிரையை நிழலில் போடுகிறேன் என்று மரைக்க சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் கரையால் போக, அவர் படகில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு, பாலம் பாலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். பின்னேரம் எங்கள் எல்லாரையும்விட அவரிடம்தான் சொல்லக் கதை இருக்கிறது.

ஒரு சொல் சொல்லியிருந்தால் நீங்களும் அப்படி வந்திருப்பீர்கள். இதற்கு ஒரு முழங்கால், ஒரு கலியாண ஆட்டம், ஒரு கூடை.

வாருங்கள். நாளை பின்னேரம் படகு கௌடாவில் நிற்கும், பாற்கட்டிக்குப் பேர்போன ஊர். மரைக்கவிடம் கேட்டுவிட்டேன். கதவில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது என்றார். காரை அங்கே விட்டுவிட்டு, கடைசி நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் வந்து எடுக்கலாம்.

தக்காளிக்குத் தண்ணீர் விடக் கலாவிடம் சொல்லுங்கள்.

சுஜா


ஹேர்னிங்
18 ஜூன், புதன், காலை ஐந்து மணி

சுஜா,

வெளிக்கிட்டுவிட்டேன். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கலாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்கப் போக, முத்துக்கிருஷ்ணன் எழும்பி வந்து, "சார், இது தப்பிச்சுப் போறது இல்லையே" என்று கேட்டார். திரும்பி வந்து பழகுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வழிக்கு முட்டையும் பாணும் எடுத்திருக்கிறேன். உமக்கு மிளகாய்ப்பொரியல்.

குகன்


கௌடாவுக்கும் லைடனுக்கும் நடுவில், படகின் மேல்தட்டு
19 ஜூன், வியாழன்

அன்பு சுஜா,

நீர் காலை ஒன்பது மணிக்குச் சைக்கிளில் போய்விட்டீர். நான் ஹெல்காவுக்குப் பக்கத்தில் இரண்டாவது கதிரையில் இருக்கிறேன். அவர்தான் இந்தத் தாள்களைத் தந்தார். பின்னேரம் உம்மைக் காணத்தான் போகிறேன், ஆனாலும் வாயால் சொன்னால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் கௌடாவில் ஒன்பது மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குப் பிறகு வந்து இறங்கினேன். நீர் குனிந்து என் காற்சட்டையைத் தூக்கி, எல்லாருக்கும் முன்னால் அந்தத் தழும்பைப் பார்த்தீர். "சில்லுக் கம்பிதான்" என்றீர். பிறகு என் பையை வாங்கினீர். சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கால் கரையில் நடந்தபடி நீர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன்.  

இப்போது படகைப் பற்றி. எட்டுக் கிலோமீட்டர் வேகம் இருக்குமோ தெரியாது. நாற்பது வருடமாக நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் போன எனக்கு முதல் அரைமணித்தியாலம் காலை வைத்து எதையாவது அமத்தவேண்டும் போல இருந்தது. பிறகு அது போய்விட்டது. ஒரு தாரா தண்ணீரில் தன் குஞ்சுகளோடு நீந்தி எங்களை முந்திப் போனது. ஒருவர் தன் வீட்டுப் பின்படியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார். ஹெல்கா அவருக்குக் காலை வணக்கம் சொன்னார், அவர் பிரஷை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். இந்த வேகத்தில் ஆட்களின் முகம் தெரிகிறது.

பதினொரு மணி போல ஓர் ஊர் வந்தது, இரண்டு பக்கமும் பூங்கன்றுத் தோட்டங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பாலம். மரைக்க ஊதினார். மணி அடித்தது, தெருவில் தடுப்புக் கம்பங்கள் இறங்கின, பாலத்தின் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே எழும்பியது, மாடிக்கு லிஃப்ட் போகிற மாதிரி. கார்களும் லொறிகளும் எங்களுக்காக நின்றன. அந்தத் தடுப்புக்குப் பின்னால் சைக்கிள்களோடு ஒரு கூட்டம் நின்றது. அதற்குள் நீர்.

நீர் என்னைக் காணவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றி, ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற மனிதருக்கு எதையோ கைகாட்டிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர். நான் எழும்பி நின்று கத்தினேன். நீர் திரும்பினீர். அதற்குள் நாங்கள் பாலத்துக்குக் கீழே வந்துவிட்டோம். மேலே பாலத்தின் நிழல். வெளியே வந்து பார்த்தால் நீர் கரைப்பாதைக்கு இறங்கி எங்களுக்குச் சமாந்தரமாக ஓடி வருகிறீர். மரங்களுக்கு நடுவே தெரிவீர், மறைவீர், தெரிவீர். ஒரு கிலோமீட்டர் இருக்கும். படகை முந்தாமல், பிந்தாமல், அதே வேகத்தில் ஓடினீர்.

சுஜா, உம்மை நான் சைக்கிளில் ஒருநாளும் பார்த்ததில்லை. நீர் கொட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன். இருபத்தெட்டு வருடமாக நீர் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்திருக்கிறீர், கடைக்குப் போய் வந்திருக்கிறீர், ஆரணியைப் பின்னால் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கிறீர். இதில் ஒன்றையும் நான் காணவில்லை. முழங்கை இரண்டையும் விரித்து, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, சொந்தத் தெருவில் போகிற மாதிரி ஓடுகிறீர். நீர் சொன்ன உருளையை எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹெல்கா என் சட்டையைப் பிடித்து, அது உன் மனைவியா என்று கேட்டார். "ஓம், என்ட மனுசி" என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. அவருக்கு விளங்கியது.

ஒன்று கேட்கவேண்டும். ஓடும்போது உம்முடைய வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. அது பாட்டா?

குகன்


லைடன்
20 ஜூன், வெள்ளி, காலை

இஞ்சாருங்கோ,

நீங்கள் முகம் வழிக்கப் போயிருக்கும் நேரத்தில், உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன்.

அது பாட்டு இல்லை. சைக்கிள் ஏறினால் நான் உங்களோடுதான் சண்டை பிடித்துக்கொண்டு ஓடுவேன். வேலைக்குப் போகும்போது ஒரு சண்டை, வரும்போது ஒரு சண்டை. எல்லாச் சண்டையிலும் நான்தான் வென்றிருக்கிறேன். நேற்று அந்த ஒரு கிலோமீட்டரும், ஏன் இந்த மனிசன் இப்படிக் கையைக் காலை ஆட்டுகிறார், தண்ணிக்குள் விழப்போகிறார் என்று ஏசிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் வந்த பெண் யார் அது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவர் என்றேன்.

இன்றைக்குச் சைக்கிளை விட்டுவிட்டுப் படகில் உங்கள் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்து, மரைக்கவிடம் மூன்றாவது கதிரையும் கேட்டு வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அதை மாற்றிவிட்டேன். ஓடப்போகிறேன்.

படகு வடக்கே போகிறதாம். வழி நெடுக வாய்க்காலும் பாதையும் பக்கத்துப் பக்கமாகத்தான் இருக்கும், இடையில் மரம் குறைவு. நான் மேற்குக் கரையால் வருவேன். நீங்கள் இடப்பக்கம் நில்லுங்கள். காலை வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், என் முகத்தில் விழும்.

சுஜா